சாமி ஆடின காலுக்கு ஒரு விசாரணை

போன் வந்தபோது நான் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். கழுத்து வெட்டும்போது போனை எடுப்பதில்லை என்பது என் கடைச் சட்டம். அன்றைக்கு ஏனோ எடுத்துவிட்டேன். விழுப்புரத்திலிருந்து பேசுகிறோம் என்றார் ஒரு பெண். மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கிற மாத உதவித்தொகையை நான் ஏமாற்றி வாங்குவதாக ஒரு மனு வந்திருக்கிறதாம். கூடவே ஒரு வீடியோவும் வந்திருக்கிறதாம். அடுத்த செவ்வாய்க்கிழமை அசல் சான்றுகளோடு நேரில் வந்து பதில் சொல்ல வேண்டுமாம். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. கரண்ட் பில் கட்டவில்லை என்று ஞாபகப்படுத்துகிறவர் மாதிரிதான் சொன்னார். என்ன வீடியோ என்று கேட்டேன்.

"நீங்க கோயில்ல ஆடுற வீடியோம்மா" என்றார்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் ஜாக்கெட்டின் கழுத்து ஒரு விரல் அளவு அதிகமாக இறங்கியிருந்தது. அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு அதுதான் பிடித்துப்போனது. அது வேறு கதை.

என் காலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நடை பழகி முடிப்பதற்குள் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது இடது காலின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. தொடையிலிருந்து பாதம் வரை எலும்பும் தோலும்தான். நடக்கும்போது இடது கையால் தொடையை அழுத்திப் பிடித்து, அதன் மேல் பாரத்தைப் போட்டு, அடுத்த அடி எடுத்து வைப்பேன். என் வயதுக்காரர்களில் இப்படி நடக்கிறவர்களை எங்கள் பக்கத்துச் சந்தைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையை எடுத்தால் விழுந்துவிடுவேன். அதனால் நின்றுகொண்டு இரண்டு கையாலும் செய்கிற வேலை எதையும் நான் செய்ததில்லை. துணி காயப்போடுவதென்றாலும் சுவரில் சாய்ந்துகொண்டுதான். இதில் எனக்குப் பெரிய துக்கம் ஒன்றும் கிடையாது. ஆடியையும் மார்கழியையும் விட்டால் மீதி மாதமெல்லாம் யாருக்காவது முகூர்த்தம் இருக்கிறது. முகூர்த்தம் இருந்தால் ஜாக்கெட் இருக்கிறது. துக்கப்பட எங்கே நேரம்?

கடை திண்டிவனத்தில், பஸ் வராத ஒரு சந்தில் இருக்கிறது. வீடு பிரம்மதேசம் போகிற வழியில் ஓர் ஊரில். இரண்டுக்கும் நடுவே என்னைச் சுமந்துகொண்டு போய் வருவது அரசாங்கம் கொடுத்த ஸ்கூட்டர், பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்தது. அது வருவதற்கு முன்னால் பஸ்ஸில் ஏறுவதற்கு ஒருவர் கை, இறங்குவதற்கு இன்னொருவர் கை என்று தினமும் யார் முகத்தையாவது பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கண்டக்டர் விசில் அடித்துவிட்டால் முடிந்தது கதை. வண்டி வந்த பிறகு நான் நினைத்த நேரத்துக்குக் கிளம்புகிறேன், நினைத்த இடத்தில் நிறுத்தி டீ குடிக்கிறேன். திருவக்கரை கோயிலுக்குக்கூட ஒரு அமாவாசைக்குத் தனியாகப் போய்விட்டு வந்தேன், யாரிடமும் சொல்லாமல். வந்து சொன்னபோது வீட்டில் கிடைத்த திட்டு கூட இனிமையாக இருந்தது.

உதவித்தொகை நின்றால் கஷ்டம்தான், ஆனால் இரண்டு ஜாக்கெட் கூடத் தைத்துச் சமாளிக்கலாம். எனக்கு ஊனமே இல்லை என்று விழுப்புரத்தில் முடிவு செய்துவிட்டால் மாற்றுத்திறனாளி அட்டை போய்விடும். அட்டை போனால் வண்டி போய்விடும். வண்டி போனால் மறுபடியும் பஸ் ஸ்டாப்பில் யாருடைய கைக்காகவோ நிற்க வேண்டும், அதுவும் ஏமாற்றுக்காரி என்ற பேரோடு. ஏமாற்றுக்காரிக்கு யார் கை கொடுப்பார்கள்? அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வண்டியின் கைப்பிடியைக் கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்துக்கொண்டு போனேன்.

இனி அந்த வீடியோ. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவோம். கேப்பைக் கூழ் அண்டா அண்டாவாக இறங்கும். பம்பைக்காரர்கள் வந்து உடுக்கையைத் தட்டி அம்மனை வர்ணித்துப் பாட ஆரம்பித்ததும் எனக்கு அம்மன் வந்துவிடும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் ஆரம்பித்தது, விடாமல் வருகிறது. வந்த பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பம்பைச் சத்தம் வயிற்றில் இறங்குவது தெரியும். வேப்பிலை வாசம் தெரியும். அதோடு சரி. கண்ணைத் திறக்கும்போது கோயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். முகமெல்லாம் மஞ்சள் தண்ணீர், கையில் யாரோ கொடுத்த சோடா.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாமி ஆடினவரிடம் அவர் ஆடினதைப் பற்றிப் பேசக் கூடாது. எப்படி ஆடினாய், யாருக்கு என்ன குறி சொன்னாய் என்று அவரிடமே சொன்னால் அடுத்த வருஷம் அம்மன் வராது என்பார்கள். போனில் எடுத்த படத்தைக்கூட அவருக்குக் காட்ட மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் எனக்குத் தகவல் கசிந்தது. குழாயடியில் ஒருத்தி வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: "உனக்கு அம்மா வந்துட்டா கால் நொண்டறதே தெரியல. ரெண்டு கையும் மேல தூக்கிக்கினு இன்னா ஆட்டம் ஆடுற நீ." பக்கத்தில் இருந்தவள் அவளைக் கிள்ளினாள். நான் காதில் விழாத மாதிரி குடத்தை நகர்த்தி வைத்தேன்.

ஆனால் அன்றைக்கெல்லாம் எனக்குச் சந்தோஷம் மனசு கொள்ளவில்லை. வருஷத்தில் கொஞ்ச நேரம், எனக்கே தெரியாத நேரத்தில், என் கால் சரியாக இருக்கிறது. இரண்டு கையும் காலியாக நான் நிற்கிறேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் இதைப் பெட்டிக்குள் இருக்கிற நகை மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். போட்டுக்கொண்டு வெளியே போக முடியாது, இருக்கிறது என்பதே போதும். அதைத்தான் யாரோ படம் பிடித்து விழுப்புரத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

யார் அனுப்பியது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் குதித்தார். அவர் கொத்தனார். எந்தப் பிரச்சினைக்கும் அடியிலிருந்து செங்கல் வைத்துப் பார்க்கிற ஆள். நான் வேண்டாம் என்றேன். கூழ் ஊற்றுகிற அன்றைக்கு ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். கண்டுபிடித்து என்ன செய்வது? அவர்களுக்கும் ஜாக்கெட் நான்தான் தைத்துக் கொடுக்க வேண்டும்.

என் கவலை வேறாக இருந்தது. போய் என்ன சொல்வது? அம்மன் வந்தது, அந்த நேரத்தில் கால் சரியானது என்று சொன்னால், அப்படியானால் கால் நிற்கிறதுதானே என்பார்கள். அம்மனும் இல்லை, ஒன்றும் இல்லை, சும்மா ஆடினேன் என்று சொன்னால் ஊருக்கு என்ன பதில்? நான் ஆடி முடித்ததும் கைக்குழந்தையைக் கொண்டுவந்து என் காலில் போட்டு விபூதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒன்று அரசாங்கத்தை ஏமாற்றினவள், இல்லையென்றால் அம்மன் பேரில் ஊரை ஏமாற்றினவள். இரண்டில் எது வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்த விசாரணை.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர் ஒருவரிடம் வீட்டுக்காரர் என்னை அழைத்துக்கொண்டு போனார். இப்படிப்பட்ட விஷயங்களில் அவர் கரை கண்டவர் என்று பேர். அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். தைத்த கடைசிக் கொக்கி வரைக்கும் சரியாக இருக்கிற ஜாக்கெட், தலை நிறையப் பூ, வாசலில் துடைத்து வைத்த ஸ்கூட்டர். உதட்டைப் பிதுக்கினார்.

"நீ பளிச்சுன்னு இருக்கிறம்மா. அதான் பேஜாரு" என்றார்.

பிறகு அவர் சொன்ன யோசனைகளை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நைந்த புடவை கட்ட வேண்டும். பூ வைக்கக் கூடாது. ஸ்கூட்டரில் போகவே கூடாது, பஸ்ஸில் போய்க் கஷ்டப்பட்டு இறங்க வேண்டும், முடிந்தால் அலுவலகத்தில் யாராவது பார்க்கிற நேரமாகப் பார்த்து இறங்க வேண்டும். எங்கிருந்தாவது கட்டைகள் இரவல் வாங்கி இரண்டு அக்குளிலும் வைத்துக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது, முதலில் அழ வேண்டும். வீடியோவைக் காட்டினால், அது நான் இல்லை, என் ஜாடையில் இருக்கிற சொந்தக்காரி என்று சொல்லிவிட வேண்டும்.

உண்மையான ஊனத்தை வைத்துக்கொண்டு பொய் ஊனம் நடிக்கச் சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். ஆனால் பயம் என்பது ஆத்திரத்தைவிடக் கெட்டிக்காரத்தனம் உள்ளது. சாப்பிட்டு முடித்ததும் நானே சொன்னேன், எதற்கும் ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடலாம் என்று.

வீட்டுக்காரர் அதிகாரியானார். என் தையல் மிஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். எதற்கு டேப் என்று கேட்டேன். கழுத்தில் ஏதாவது தொங்கினால்தான் அதிகாரி மாதிரி இருக்கும் என்றார். நான் வாசலிலிருந்து அடுப்பங்கரை வரை நொண்டிக்கொண்டு வர வேண்டும். வந்தேன். அவர் தலையை ஆட்டி, போதவில்லை, இன்னும் கொஞ்சம் போடு என்றார். இன்னும் கொஞ்சம் போட்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடியும் வாசலுக்குப் போனேன். என்ன செய்தாலும் நடிப்பாகவே இருந்தது. எந்தக் காலை முதலில் வைப்பேன், கையை எப்போது அழுத்துவேன் என்று யோசித்ததும் எல்லாம் குழம்பிவிட்டது. நினைவு தெரிந்த நாளாகச் செய்கிற வேலை, செய்து காட்டச் சொன்னால் வரவில்லை. ஒரு முறை வலது காலை நொண்டிவிட்டேன் என்றார் அவர். இருக்காது என்றேன். இருந்திருக்கலாம்.

என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். தினமும் சாயங்காலம் வருவார். எங்களுக்குள் பெரிய சண்டையும் கிடையாது, பெரிய கொஞ்சலும் கிடையாது. நான் வைத்த குழம்பில் உப்பு குறைவு என்பார், அவர் கட்டின பூ நெருக்கமாக இல்லை என்பேன். இதில் வருஷங்கள் ஓடிவிட்டன. பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பது கலெக்டரா கடைக்காரரா என்று பார்க்க மாட்டார். அன்றைக்கு மட்டும் வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம், எதற்கு இந்தக் கூத்து என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரருக்குத் தளம் போடுகிற நாளாக அமைந்துவிட்டது. ஜல்லியும் ஆளும் மிஷினும் வந்து நிற்கும்போது மேஸ்திரி வராமல் இருக்க முடியாது. நான் தனியாகவே போய்க்கொள்கிறேன் என்றேன். அண்ணி கேட்கவில்லை, காலையிலேயே முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டு, வெயிலுக்குத் தோளில் ஒரு துண்டோடு வந்து வாசலில் நின்றார். வீட்டுக்காரர் அவரிடம், அங்கே போய் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டு, என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

நைந்த புடவை ஒன்றை எடுத்துக் கட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. அவிழ்த்து எறிந்துவிட்டு, நான் எப்போதும் கடைக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டேன். பூவும் வைத்தேன். வண்டியையும் எடுத்தேன். அவர்கள் கொடுத்த வண்டியில்தானே அவர்கள் ஆபீசுக்குப் போகிறேன், இதில் என்ன ஒளிவு மறைவு? அண்ணி பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஜல்தி ஓட்டாதே, ஆனால் லேட் பண்ணவும் கூடாது என்றார். விக்கிரவாண்டி வரும் வரைக்கும் லாரிக்காரர்கள் எல்லோரையும் திட்டிக்கொண்டே வந்தார்.

விழுப்புரத்து அலுவலகத்தில் எங்களை அதிக நேரம் காக்க வைக்கவில்லை. அதிகாரி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். நான் கதவைத் திறந்து உள்ளே போனபோது அப்போதுதான் தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஈரத் தரை என்றால் எனக்கு எமன். ஒத்திகை, நடிப்பு எல்லாம் மறந்துபோய், வழுக்காமல் மேஜை வரை போய்ச் சேர்ந்தால் போதும் என்று வழக்கம்போல் நடந்து போனேன். அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அண்ணி பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

அதிகாரி என் அட்டையைப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். பிறகு, உங்க நடைய பாத்தேன், ஆனா இந்த வீடியோவுக்கும் நீங்க பதில் சொல்லணும் என்று கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆடினவள் பார்க்கக் கூடாது, எங்கள் ஊர் வழக்கம் அப்படி என்றேன். பார்க்காமல் எப்படிப் பதில் சொல்வீர்கள் என்று அவர் நியாயமாகத்தான் கேட்டார். திரும்பிப் பார்த்தேன்.

முதலில் கூட்டம்தான் தெரிந்தது. அப்புறம் ஒரு பெண். அவிழ்ந்த தலை, மஞ்சள் வழிகிற முகம், எனக்குத் தெரியாத கண்கள். இரண்டு கையும் வானத்தைப் பார்த்து நீண்டிருந்தன, இரண்டிலும் வேப்பிலைக் கொத்து. குழாயடியில் கேட்டது உண்மைதான். நான் நிற்கிறேன். கையை ஊன்றாமல் நிற்கிறேன், சுற்றுகிறேன், முன்னால் போகிறேன், பின்னால் வருகிறேன். எங்கே உட்கார்ந்திருக்கிறோம், எதற்கு வந்திருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. சந்தோஷத்தில் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"இது நீங்கதானே?" என்றார் அதிகாரி.

நான்தான் என்றேன்.

"கால் நல்லாத்தானே இருக்கு?"

என் ஜாடையில் ஒரு சொந்தக்காரி என்று சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது இதுதான்: "எனக்கும் அப்படித்தான் மேடம் தெரியுது."

அதிகாரி பேனாவை எடுத்தார். வண்டி போய்விட்டது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது.

பின்னால் பெஞ்ச் கிறீச்சிட்டது. அண்ணி எழுந்து வந்து மேஜை மேல் கையை ஊன்றி நின்றார்.

"கால் எங்க மேடம் தரையில இருக்குது?" என்றார். "இன்னொரு வாட்டி போடுங்க. இவ மூஞ்ச பாக்காதீங்க, இடுப்ப பாருங்க."

அதிகாரி மறுபடியும் ஓட விட்டார். அண்ணி விரலை வைத்துக் காட்டின இடத்தில், என் இடுப்பைச் சுற்றி மஞ்சள் துண்டு ஒன்று கட்டியிருந்தது. சாமி ஆடுகிறவர் விளக்கிலோ அண்டாவிலோ விழுந்துவிடாமல் இருக்க இடுப்பில் துண்டு கட்டி யாராவது பிடித்துக்கொள்வது உண்டு. அது எனக்கும் தெரியும், கிட்டத்தில் இருக்கிற யாராவது பிடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். துண்டின் இரண்டு முனையும் எனக்குப் பின்னால் இரண்டு முழங்கையில் சுற்றியிருந்தன. பாதி உடம்பு கூட்டத்தில் மறைந்திருந்தாலும் அது அண்ணி என்று தெரிந்தது. கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவர் மாதிரி பின்னால் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நான் திரும்புகிற பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தார். என் இடது கால் தரையில் பட்டும் படாமலும் தொங்கிக்கொண்டு வந்தது.

"வருசா வருசம் நான்தான் புடிக்கிறேன்" என்றார் அண்ணி. "இவ பாரம் பூரா என் தோள்லதான். நான் வுட்டா அங்கியே வுழுந்துடுவா."

அதிகாரி திரையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒருவரால் தாங்க முடியுமா என்று சந்தேகமாகக் கேட்டார். அண்ணிக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்தார், என்னை எழுப்பி நிறுத்தினார், அந்த அலுவலகத்திலேயே, ஃபைல்களுக்கு நடுவில், என் இடுப்பில் சுற்றி இறுக்கினார். பின்னால் போய் நின்றார்.

"கைய எடு" என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. பம்பை இல்லை, வேப்பிலை இல்லை, நல்ல நினைவோடு கையை எடுத்து நான் நின்றதே இல்லை. எடு என்று மறுபடியும் அதட்டினார். எடுத்தேன். துண்டு வயிற்றை இறுக்கியது. உடம்பு ஒரு பக்கம் சரியப் போனது, சரியவில்லை. இடது பாதம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டு ஆடியது. இரண்டு கையும் என் முன்னால் சும்மா இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டேன். அவர் பதறி எழுந்து, போதும், உட்காருங்க, உட்காருங்க என்றார். பின்னால் அண்ணி மூச்சு வாங்குவது என் பிடரியில் பட்டது.

அதன் பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. புகாரில் உண்மை இல்லை என்று எழுதிவிடுவதாகவும், அட்டைக்கும் உதவித்தொகைக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை என்றும் அதிகாரி சொன்னார். வண்டியைப் பற்றி நானே கேட்டேன். அது உங்கள் வண்டிம்மா என்று சிரித்தார். ஒரு வாக்குமூலம் மட்டும் எழுதித் தரச் சொன்னார். என் இடது காலுக்கு எந்த நேரத்திலும் பலம் இருந்ததில்லை, பிறர் தாங்கிப் பிடித்ததால் மட்டுமே அன்று நின்றேன் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எந்த நேரத்திலும் என்ற இடத்தில் பேனா நின்றது. பெட்டிக்குள் இருந்த என் நகையை நானே கவரிங் என்று எழுதிக் கொடுக்கிறேனே என்று அழுகையாக வந்தது. எழுதினேன், கையெழுத்தும் போட்டேன்.

திரும்பி வரும்போது விக்கிரவாண்டி தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். நான் இறங்கவில்லை. அண்ணி போய் டீயும் போண்டாவும் வாங்கிக்கொண்டு வந்தார். வண்டி பிழைத்தது, பேர் பிழைத்தது, வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லியாகிவிட்டது, தளம் போட்ட இடத்திலேயே அவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று அண்ணியிடம் கேட்டேன். ஆடினவளிடம் சொல்லக் கூடாது, அது தெரியாதா உனக்கு என்றார். நான் இன்று பார்த்துவிட்டேனே, இனிமேல் வருமா என்ற பயத்தை அவரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வேறு மாதிரி கேட்டேன்.

"அப்போ அம்மா வந்ததுன்றதே பொய்யா அண்ணி? நீங்க தூக்கிப் புடிச்சதுதானா எல்லாம்?"

அண்ணி டீயை ஊதிக்கொண்டே என்னை ஏதோ கிறுக்கச்சியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"அம்மா வந்ததாலதான் தூக்கிப் புடிச்சிக்கினு இருந்தேன்" என்றார். "நீ மட்டும்தான்னா அன்னிக்கே வுட்டுட்டு வூட்டுக்குப் போயிருப்பேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து டீ புரையேறிவிட்டது. அவர் என் தலையில் தட்டினார், கொஞ்சம் பலமாகவே.

"அடுத்த ஆடிக்கும் வருவா, பாரு. நீ மட்டும் அதுக்குள்ள கொஞ்சம் இளைச்சிக்க. வர வர தூக்க முடியல" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த பாதிப் போண்டாவைப் பிடுங்கி அவரே தின்றார்.